பட்டாலியனா, பொறியாளர் கம்பெனியா: அமைதிப்படைக்கு எதை அனுப்பலாம்?

ஒரு நாடு ஐ.நா. அமைதிப்படைக்குப் படை அனுப்பலாமா என்று யோசிக்க ஆரம்பித்தால், பேச்சு முழுக்க "எத்தனை பேர்" என்பதையே சுற்றிவரும். நான் உட்கார்ந்திருந்த குழுவிலும் அப்படித்தான் இருந்தது. பணிமனைப் பக்கத்திலிருந்து, வண்டிகளைப் பற்றிச் சொல்வதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் மூன்று வழிகள் இருந்தன. 850 பேர் கொண்ட காலாட்படை பட்டாலியன் ஒன்று. 200 பேருக்குள் அடங்கும், சாலை போடுவது போன்ற வேலைகளைச் செய்கிற ராணுவப் பிரிவான பொறியாளர் கம்பெனியும் அதோடு ஒரு சிறு மருத்துவமனையும் இன்னொன்று. ஐ.நா.வுக்கு வெளியே சில நாடுகள் சேர்ந்து அமைக்கிற கூட்டுப் படை மூன்றாவது. நாங்கள் பொறியாளர் கம்பெனியை எடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

தமிழில் அமைதிப்படை என்றதும் பலருக்கு 1987இல் இலங்கைக்குப் போன இந்தியப் படை நினைவுக்கு வரும். அது இரண்டு அரசுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட உடன்படிக்கையின் பேரில் போன படை, ஐ.நா.வின் கட்டளையில் இயங்கியதில்லை. நான் சொல்வது நீல ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிற படையைப் பற்றி.

கௌரவம், அயல்நாட்டு அனுபவம், வெளியுறவில் கிடைக்கிற நல்ல பெயர் எல்லாம் எதை அனுப்பினாலும் கொஞ்சம் கொஞ்சம் வரும், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். பட்டாலியனுக்கு ஆதரவான வலுவான வாதம் பணமும் பதவியும். ஒரு வீரருக்கு மாதம் 1,448 டாலர் என்று ஐ.நா. பொதுச்சபை 2022 ஜூலை முதல் நிர்ணயித்தது. 850 பேர் என்றால் மாதம் 12 லட்சம் டாலருக்கு மேல். இந்தப் பணம் அரசுக்குப் போகிறது, அதில் வீரருக்கு எவ்வளவு என்பதை அந்தந்த நாடுதான் முடிவு செய்யும். அதிகப் படை தருகிற நாட்டுக்குத் தளபதிப் பதவிகளைக் கேட்டு வாங்குவதும் சுலபம். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பொதுமக்களைக் காக்கிற பொறுப்பு நேராகப் பட்டாலியனின் தோளில்தான் விழும். 1994இல் ருவாண்டாவில் அமைதிப்படையில் இருந்த 10 பெல்ஜியப் பாராசூட் வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது, அங்கே நடந்துகொண்டிருந்த இனப்படுகொலை தொடர்ந்தது. 1995இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் நெதர்லாந்தின் பட்டாலியன் நின்ற இடத்தில் ஆயிரக்கணக்கான ஆண்களும் சிறுவர்களும் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்த பிறகு 2002இல் நெதர்லாந்து அரசே பதவி விலகியது. கையில் போதிய ஆயுதமும் தெளிவான உத்தரவும் இல்லாமல் ஒரு பட்டாலியனை அப்படிப்பட்ட இடத்தில் நிறுத்துவது, அங்கே இருக்கிற மக்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் செய்கிற துரோகம்.

சரி, இத்தனைக்குப் பிறகும் குழுவில் பாதிப்பேர் பட்டாலியன் பக்கம்தான் நின்றார்கள். கணக்கை மாற்றியது பராமரிப்பு.

ஐ.நா. பணியில் வண்டி, ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் எல்லாம் பெரும்பாலும் படை அனுப்பும் நாட்டின் சொத்து. அதற்கு ஐ.நா. வாடகை தரும், அதில் இரண்டு வகை உண்டு. வெட் லீஸ் என்றால் உதிரி பாகம், மெக்கானிக், பழுதுபார்ப்பு எல்லாம் நம் பொறுப்பு, வாடகை கூடுதல். ட்ரை லீஸ் என்றால் பராமரிப்பை வேறொருவர் பார்த்துக்கொள்வார், வாடகை குறைவு. பெரும்பாலான நாடுகள் வெட் லீஸ் எடுக்கின்றன, கூடுதல் பணம் கண்ணில் படுகிறது அல்லவா? ஆனால் அந்தக் கூடுதல், எல்லா நாடுகளுக்கும் பொதுவாகப் போட்ட சராசரிக் கணக்கு. உங்கள் வண்டிக்கான உதிரி பாகம் இரண்டு கடல் தாண்டி வரவேண்டும் என்றால், சாலை மோசம், தட்பவெப்பம் கடுமை என்று சில சதவீதம் சேர்த்துத் தருவார்களே தவிர, உண்மையான செலவு அதற்குள் அடங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐ.நா. ஆய்வாளர்கள் வருவார்கள். ஐ.நா.வோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணிக்கையில் 90 சதவீதத்துக்குக் கீழே ஓடுகிற வண்டிகள் இருந்தால் வாடகை குறையும். அதோடு நின்றாலும் பரவாயில்லை, முக்கியத் தளவாடம் தொடர்ந்து பழுதாகவே கிடந்தால் வீரர்களுக்கான மாதத் தொகையிலும் பிடித்தம் செய்யலாம் என்று 2013இல் பொதுச்சபை விதி கொண்டுவந்தது. அதாவது 850 பேர் அங்கே வெயிலில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பணிமனையில் நிற்கிற கவச வண்டிகளுக்காக அவர்கள் பேரில் வருகிற பணம் குறையும். மேசையில் இதைச் சொன்னபோது நிதித் துறையிலிருந்து வந்தவர் பேனாவை எடுத்தார்.

இன்னொன்று, ஆட்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள், வண்டிகள் மாறாது. முதல் அணி புது டயரோடு இறங்கும். மூன்றாவது அணிக்கு, முந்தின இரண்டு அணிகளும் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் சேர்ந்து கிடைக்கும். எங்கள் இரண்டாவது அணி மாறுகிற சமயத்தில் நானே நேரில் போனேன். மண்ணைச் சமன் செய்கிற ஒரு கிரேடர் எந்திரத்தின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன், உள்ளங்கை நிறையச் செம்மண் கொட்டியது. பதிவேட்டில் முந்தின வாரம்தான் சுத்தம் செய்ததாக எழுதியிருந்தது. பொய்யில்லை, அந்தத் தூசியில் வாரம் ஒருமுறை போதவில்லை. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஓர் ஆண்டு ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஓட்டுநரே தினமும் சாயங்காலம் ஃபில்டரைத் தட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

பொறியாளர் கம்பெனியில் இது நடக்கும். எந்திரத்தை ஓட்டுகிறவருக்கே அதன் வயிற்றைத் திறக்கவும் தெரியும், எந்திரங்களின் எண்ணிக்கையும் கை எண்ணிக்கைக்குள் இருக்கும். பட்டாலியனில் வண்டிகள் ஏராளம், மெக்கானிக்குகளோ கொஞ்சம் பேர். அப்புறம், பணி முடிந்து திரும்புகிற புல்டோசர் ஊரில் வெள்ளத்துக்குக் கரை போடும், தேய்ந்துபோன கவச வண்டி கொட்டகையில்தான் நிற்கும். எதிர்வாதமும் உண்மைதான்: புல்டோசருக்கு நாள் முழுக்க வேலை, அதனால் தேய்மானமும் அதற்குத்தான் அதிகம். பொறியாளர்களுக்கு ஆபத்து இல்லை என்றும் நினைக்க வேண்டாம், கண்ணிவெடி சாலையில்தான் இருக்கிறது, சாலை போடப் போகிறவர்கள் இவர்கள்தான். காவலுக்கு இன்னொரு நாட்டின் பட்டாலியனை நம்பியிருக்க வேண்டிய நிலையும் சங்கடம்தான்.

பராமரிப்பு என்றால் என்ஜின் மட்டும் என்று நினைப்பவர்கள் ஹெய்ட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2010இல் ஓர் அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவி, பல ஆயிரம் பேர் இறந்தார்கள். 2016இல் ஐ.நா. பொதுச்செயலாளர் மன்னிப்புக் கேட்டார். கழிப்பறைத் தொட்டிக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தப் பேச்சிலேயே கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

மருத்துவமனையைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வராது, எங்களுடையது சிறியது. ஐ.நா. வகைப்பாட்டில் இரண்டாம் நிலை மருத்துவமனை என்றால் நாளுக்கு மூன்று நான்கு அறுவைச் சிகிச்சை, 40 வெளிநோயாளிகள் வரை பார்க்க வேண்டும். உள்நாட்டில் அறுவைச் சிகிச்சை நிபுணர்களுக்குத் தட்டுப்பாடு இருக்கிற நாடு ஆண்டுதோறும் ஒரு குழுவை மாற்றி அனுப்ப முடியுமா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

கூட்டுப் படையில் எனக்கு நேரடி அனுபவமே இல்லை, வெளியிலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். முடிவுகள் சீக்கிரம் எடுக்கலாம், துணிந்து சண்டை போடலாம் என்பார்கள், இருக்கலாம். பணம்தான் எனக்குப் பயம். சோமாலியாவில் ஆப்பிரிக்க ஒன்றியப் படைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தந்துவந்த படித்தொகையை 2016இல் 20 சதவீதம் குறைத்தது. ஹெய்ட்டிக்கு 2023இல் பாதுகாப்புச் சபை அனுமதித்த, கென்யா தலைமையிலான படை நன்கொடை நிதியை நம்பி நின்றது, 2,500 பேர் என்று திட்டமிட்டு அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஐ.நா.வின் பணமும் இப்போது கல்லில் எழுதியதில்லை. நிதிப் பற்றாக்குறையால் அமைதிப்படையினரில் சுமார் 25 சதவீதம் பேரைக் குறைக்கப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். மாலி 2023இல் போகச் சொன்னதும் அந்த ஆண்டுக் கடைசிக்குள் மொத்தப் படையும் கிளம்ப வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் மூட்டை கட்ட வேண்டும் என்றால் 850 பேரின் தளவாடத்தை நகர்த்துவதும் ஒரு கம்பெனியின் எந்திரங்களை நகர்த்துவதும் ஒன்றாகாது. இப்போது யோசித்துக்கொண்டிருக்கிற நாடு எதுவானாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்றாவது அணிக்கான உதிரி பாகப் பட்டியலையும் அதற்கான பணத்தையும் தனியாக எடுத்து வைக்கட்டும். நாங்கள் அந்தப் பட்டியலை இரண்டாவது அணியோடு நிறுத்திக்கொண்டோம், அதன் விலையை மூன்றாவது அணியின் பிள்ளைகள் கொடுத்தார்கள்.