பாஷாணம் தின்னும் பெரணி: இரண்டு வருடம் வளர்த்துப் பார்த்த கணக்கு

வாங்கியது டெரிஸ் விட்டாட்டா என்கிற பெரணி. கடையில் இதற்குப் பெயர் 'சைனீஸ் பிரேக்'. நாலு அங்குலத் தொட்டியில் ஆறு செடி, ஒன்று 12 டாலர், அனுப்பும் செலவு தனி. செடிக்கு நாலரை நட்சத்திரம், விற்றவருக்கு ஒன்றரை.

நாங்கள் இருப்பது நடு ஃபுளோரிடா. வீடு 1994இல் கட்டியது, பின்பக்கம் பெரிய மர டெக், அதாவது தூண் நட்டுப் பலகை அடித்த திறந்த தளம். போன முறை அம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தபோது டெக்கின் ஓரமாகப் பாத்தி கட்டி முளைக்கீரை போட்டுவிட்டுப் போனாள். கீரை தளதளவென்று வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அந்த மரத்துப் பக்கத்தில் விளைந்ததைச் சாப்பிடவா போகிறாய்?" என்றார். அதற்கு முன் அந்த மரத்தின் லேசான பச்சை நிறத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கரையான் அரிக்காமல் இருக்கக் குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றையும் கலந்து ஏற்றிய மரமாம். ஆர்சனிக் என்றால் நம் பாஷாணம்தான். அமெரிக்காவில் 2003 முடியும்வரை வீடுகளுக்கு இதைத்தான் விற்றிருக்கிறார்கள். மழை பெய்யும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கும். இங்கே மழைக்கா பஞ்சம்?

மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கிலோவுக்கு 31 மில்லிகிராம் ஆர்சனிக். குடியிருப்பு மண்ணுக்கு ஃபுளோரிடா வைத்திருக்கும் அளவு 2.1. கீரையை அன்றைக்கே பிடுங்கிப் போட்டேன். அம்மாவிடம் அப்போது சொல்லவில்லை.

அப்புறம்தான் இந்தப் பெரணி கண்ணில் பட்டது. இதன் கதை எங்கள் பக்கத்திலேயே நடந்தது. நடு ஃபுளோரிடாவில், இதே மாதிரி மரத்துக்கு மருந்து ஏற்றிய ஒரு பழைய இடத்தில் என்னென்ன செடிகள் தாக்குப்பிடிக்கின்றன என்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லீனா மா குழுவினர் 14 வகைகளை எடுத்துப் பார்த்தார்கள். அதில் இது ஒன்று மட்டும் ஆர்சனிக்கை இலையில் மலைமலையாகச் சேர்த்துவைத்திருந்தது. 2001இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஆர்சனிக் கலந்த மண்ணில் வளர்த்துப் பார்த்தபோது காய்ந்த இலையில் கிலோவுக்கு 22,630 மில்லிகிராம் வரை ஏறியிருக்கிறது. அதாவது இலையின் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பாஷாணம், செடியோ பச்சைப் பசேல் என்று நிற்கிறது.

எப்படிச் சாகாமல் இருக்கிறது என்பதுதான் எனக்கு ருசியான பகுதி. மண்ணில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனேட் என்ற வடிவில் இருக்கும், அது பார்ப்பதற்குச் செடிக்கு வேண்டிய பாஸ்பேட் சத்து மாதிரியே இருக்கும். அதனால் பாஸ்பேட்டுக்கு வேர் வைத்திருக்கும் வாசல் வழியாகவே அது நுழைந்துவிடுகிறது. மற்ற செடிகளிலும் நுழையும், ஆனால் அவை அதை வேரிலேயே கட்டிப்போடப் பார்க்கும். இந்தப் பெரணி அதை ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவமாக மாற்றி, நேரே இலைக்கு ஏற்றி, அங்கே செல்லுக்குள் வாக்குவோல் என்று ஒரு பை இருக்கிறதே, அதில் தள்ளிப் பூட்டிவிடுகிறது. வீட்டு வரவேற்பறையில் தொங்கவிடும் பாஸ்டன் ஃபெர்னும் பெரணிதான், அதற்கு இந்த வித்தை தெரியாது. இவ்வளவு விஷத்தால் செடிக்கு என்ன லாபம் என்றால், வெட்டுக்கிளி கிட்டே வராது. என் தோட்டத்தில் வெட்டுக்கிளி தொடாத ஒரே செடி இதுதான், அதற்கே அரை நட்சத்திரம் கூடப் போடலாம்.

சரி, பொருளுக்கு வருகிறேன். பெட்டி நாலாம் நாள் வந்தது. ஆறில் ஒன்று ஒடிந்திருந்தது, படம் அனுப்பினேன், பதில் இல்லை. ஆனாலும் அதுவே மூன்று வாரத்தில் சுருண்ட குருத்து விட்டுப் பிழைத்துக்கொண்டது. நட்ட பிறகு பெரிய கவனிப்பு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புச் சத்துள்ள மண் இதற்குப் பிடிக்கும், எங்கள் மணலில் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி தூவினேன். ஒரு வருடத்தில் முழங்கால் உயரம்.

கோபம் சீட்டின் மேல்தான். "ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் உறிஞ்சி மண்ணைச் சுத்தமாக்கும்" என்று அச்சடித்து ஒவ்வொரு தொட்டியிலும் செருகியிருந்தார்கள். இது ஆர்சனிக்குக்குத்தான் கெட்டிக்காரச் செடி. ஈயத்தை இப்படி இலைக்கு ஏற்றாது. என் டெக் மரத்திலேயே இருக்கும் குரோமியத்துக்கும் தாமிரத்துக்கும்கூட இதை நம்ப முடியாது. 'ஒரே பருவம்' என்பதற்கு என் பாத்தியே பதில்.

பாத்தி இரண்டு சதுர மீட்டர். மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுத்தாலும் சுமார் 450 கிலோ வரும். அதில் ஆர்சனிக் 14 கிராம். முதல் வருடக் கடைசியில் இலைகளை வெட்டிக் காயவைத்தேன், மொத்தம் 110 கிராம். ஆய்வகம் சொன்ன அளவு கிலோவுக்கு 640 மில்லிகிராம். மண்ணில் இருப்பதைப்போல இருபது மடங்கு! குதித்துவிட்டு அப்புறம் பெருக்கிப் பார்த்தேன். வெளியே வந்தது 70 மில்லிகிராம். இரண்டாம் வருடம் செடி பெருத்து 420 கிராம் இலை, ஆர்சனிக்கும் கூடிக் கிலோவுக்கு 810 மில்லிகிராம். அப்படியும் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். இந்த வேகத்தில் போனால் 2.1க்கு வர முப்பத்தெட்டு வருடம்.

நடுவில் மண்ணையும் ஒருமுறை சோதித்தேன். 33 என்று வந்தது! ஒரு வருடம் பெரணி வளர்த்து ஆர்சனிக் ஏறியிருக்கிறதே என்று தலையில் கைவைத்தேன். பிறகுதான் புரிந்தது, இந்த முறை டெக் தூணுக்கு ஓர் அடி பக்கத்தில் மண் எடுத்திருக்கிறேன். நீங்கள் செய்தால் நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். அதோடு, மேலே மரம் இன்னும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. குழாயை மூடாமல் தரையைத் துடைத்த கதை.

செடியைக் குறை சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தார் மரத்துக்கு மருந்து ஏற்றிய அந்த இடத்திலேயே இரண்டு வருடம் இதை நட்டுப் பார்த்தபோது மேல்மண்ணில் கிலோவுக்கு 190 மில்லிகிராம் இருந்தது 140 ஆனது. நிஜமான வேலைதான், பொறுமை வேண்டிய வேலை. அதைச் சீட்டில் எழுதியிருந்தால் நானும் ஆறுக்குப் பதில் இருபது வாங்கியிருப்பேன், விற்றவருக்கும் லாபம்.

சீட்டில் இல்லாத இன்னொன்று, எனக்கு அதுதான் பெரிய குற்றம்: வெட்டிய இலையை என்ன செய்வது? ஒரு வார்த்தை இல்லை. தோட்டம் போடுகிறவர்கள் வெட்டியதை உரக்குழியில் போடுவார்கள். இதைப் போட்டால் பாஷாணம் உரமாகித் திரும்பப் பாத்திக்கே வரும். எரிக்கவும் கூடாது, புகையில் வரும். உதிர்ந்த இலையை அப்படியே விட்டாலும் மண்ணுக்குத்தான் போகும். நான் கையுறை போட்டு, பழுப்பதற்கு முன்பே வெட்டி, இரட்டைப் பையில் கட்டி, கவுண்டியின் (இங்கத்து மாவட்ட நிர்வாகத்தின்) அபாயக் கழிவு மையத்தில் கொடுக்கிறேன்.

போன மாதம் வீடியோவில் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கீரைக் கதைக்கு முதலில் திட்டு விழுந்தது. பிறகு செடியைக் காட்டச் சொன்னாள். நீண்ட நுனியிலை, கீழே போகப்போகக் குட்டையாகும் இலைகள், திருப்பினால் ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடாக விதைத்தூள்.

"ஏண்டி, இது நம்ம கிணத்துச் சுவத்துல மொளைக்கிறதுதானே? இதுக்குப் பன்னெண்டு டாலரா?"

அதேதான். பழைய சுண்ணாம்புக் காரையில் தானாக முளைப்பது இதன் குணம். ஃபுளோரிடாவிலும் அப்படியே பரவி, அந்நிய ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் இரண்டாம் வகுப்பில் இருக்கிறது. அம்மா சொன்ன பிறகு கவனித்தேன், நான் வாரம்தோறும் காய்கறி வாங்கும் கடையின் கார் நிறுத்தச் சுவரில் ஓர் இடுக்கு முழுக்க இதுதான். இப்போது என் நடைபாதைக் கல் இடுக்கிலும் முளைக்கிறது, பிடுங்கிக்கொண்டே இருக்கிறேன். வாங்கி நடுகிறவர்கள் விதைத்தூள் உதிரும் முன் வெட்டிவிடுவது நல்லது.

கீரை இப்போது வீட்டின் இன்னொரு பக்கம், அடியில் தடுப்பு விரித்து வெளி மண் கொட்டிய தொட்டியில் வளர்கிறது. பெரணிகளை எடுக்கவில்லை. அடுத்த வாரம் டெக்கைப் பெயர்த்து எடுத்துப்போக ஆள் வருகிறார். அவர் மிதித்துவிடாமல் இருக்க ஆறையும் சுற்றிச் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறேன்.