கவுன் வாடகைக்கு எடுக்கப் போய் தோழிப்பெண் வேலை கற்றுக்கொண்ட கடை: சுங்கை சிப்புட்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் பழைய கடைவரிசையில், மளிகைக்கடைக்கு மேலே, கல்யாண உடை வாடகைக்கு விடும் ஒரு கடை இருக்கிறது. ஊரில் மாடிக்கடை என்று சொன்னாலே தெரியும். என் சிநேகிதியின் கல்யாணத்துக்கு எல்லாமே அங்கேதான் எடுத்தோம். அவள் கத்தோலிக்கப் பெண், நான் இந்து, ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். காலையில் ஈப்போ சிலிபின் லூர்து மாதா தேவாலயத்தில் திருப்பலி, இரவு எங்கள் ஊர் மண்டபத்தில் விருந்து. நீதான் தோழிப்பெண் என்று அவள் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டேன். நம் வீட்டுக் கல்யாணங்களில் நான் நின்றிருக்கிறேன், பெண்ணுக்கு வியர்வை துடைப்பது, மாலை கனத்தால் தூக்கிப் பிடிப்பது, நகைப் பெட்டியைக் கண்ணை விட்டு அகலாமல் பார்ப்பது எல்லாம் பழக்கம்தான். கவுன் போட்ட பெண்ணுக்குத் தோழியாக நிற்பது எவ்வளவு வேலை என்பது அந்தக் கடைப்படி ஏறும்வரை எனக்குத் தெரியாது.

முதலில் விலை. கவுன் மூன்று நாள் வாடகை 850 வெள்ளி (ரிங்கிட்). இதே மாதிரிக் கவுனுக்கு ஈப்போவில் ஒரு கடையில் 1,400 கேட்டார்கள். என் உடை 160, இரவுக்குக் கூறைப்புடவையை முன்கூட்டியே மடிப்பு வைத்து வந்து கட்டிவிட 120, டெப்பாசிட் 300. கவுன் சுத்தமாக இருந்தது, கைக்குழியில் பழைய பவுடர் கறை இல்லை, மணிகள் ஒன்றுகூட உதிரவில்லை. நான் உள்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன், நீங்களும் பாருங்கள்.

அளவு பார்த்து முடித்ததும் கடைக்கார அக்கா, "தோழிப்பொண்ணு யாரும்மா? நீ மட்டும் இங்க வா" என்று கூப்பிட்டார். அதன் பிறகு ஒரு மணி நேரம் எனக்குத்தான் பாடம். கவுனுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் வால் இருக்கிறது, தேவாலயத்தில் நடக்கும்போது அது விரிந்து கிடக்க வேண்டும், வெளியே வந்ததும் அதைத் தூக்கி இடுப்புக்குக் கீழே மாட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தார்ச்சாலை அழுக்கு முழுவதும் அதில்தான். வாலுக்கு அடியில் ஐந்து நூல் வளையம், இடுப்பு மடிப்புக்குள் ஐந்து குட்டிப் பொத்தான். எது எதில் மாட்டுவது என்று குழம்பாமலிருக்க ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே நிற நூலைச் சுற்றி வைத்திருக்கிறார், சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. முட்டி போட்டு, துணியை மடியில் ஏந்தி, நடுப் பொத்தானில் தொடங்க வேண்டும். முதல் தடவை எனக்கு ஆறு நிமிடம் ஆனது. மூன்றாவது தடவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தேன். அன்றைக்கு தேவாலய வாசலில் படம் எடுத்து முடித்து, காரில் ஏறுவதற்கு முன் அதைச் செய்தபோது கை தானாகவே போனது.

அப்புறம் தாலி. நம் தமிழ்க் கத்தோலிக்கக் கல்யாணத்தில் மோதிரமும் உண்டு, தாலியும் உண்டு. இந்துக் கல்யாணத்தில் பின்னால் நாத்தனார் நின்று முடிச்சுப் போடுவார், இங்கே தோழிப்பெண்தான் முக்காட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். "கொண்டையோட சேத்துத் தூக்காதம்மா, சீப்பு கழண்டுடும். ரெண்டு கையாலயும் நடுவுல பிடிச்சுத் தூக்கு" என்று அக்கா ஒரு பழைய முக்காட்டை வைத்துக் காட்டினார். வலைத்துணியில் தாலிக்கொடி சிக்கினால் பீடத்துக்கு முன்னால் நின்று பிரிக்க முடியாது. மோதிரம் மாற்றும்போது பெண்ணின் பூங்கொத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு முன்பே நம் பூங்கொத்தை இருக்கையில் வைத்துவிட வேண்டும், கையில் இரண்டு கொத்து இருந்தால் அவளுக்கு ஒரு கை உதவி வேண்டும் என்றால் தர முடியாது. இவ்வளவு சின்னதைக்கூட ஒருவர் யோசித்துச் சொல்கிறார் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

அடையாள அட்டையை மறக்காதே என்று சொன்னதும் அவர்தான். திருச்சபை முறையில் குருவைத் தவிர இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் நான் நிற்க முடிந்தது. நாட்டுச் சட்டத்திலும் அப்படித்தான், 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்தைப் பதிய வேண்டும், அதற்கும் இரண்டு சாட்சிகள். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்டு, பிறகு பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களை எங்கள் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். அதனால் அந்த ஏட்டில் கையெழுத்துப் போட்டபோது எனக்குக் கை நடுங்கியது. பூங்கொத்து பிடிப்பது யாரும் செய்யலாம், இது அப்படி இல்லை.

25 வெள்ளி கொடுத்தால் ஒரு பையும் தருகிறார்கள், கட்டாயம் வாங்குங்கள். வெள்ளை நூல் கோத்த ஊசி, ஊக்கு, பனடோல், கோடாலித் தைலம், பேட், ஸ்ட்ரா, ஈரத் துடைப்பான், ஒரு துண்டு வெள்ளைச் சாக்கட்டி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பெண்ணுக்கு மைலோவை ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன், உதட்டுச் சாயம் கலையவில்லை, ஆனால் ஒரு சொட்டு மடியில் விழுந்துவிட்டது. துடைத்துவிட்டு, ஈரம் காய்ந்ததும் மேலே சாக்கட்டியைத் தேய்த்தேன். படத்தில் தெரியவே இல்லை.

குறையும் இருக்கிறது. என் உடை இரண்டு விரல் நீளமாக வந்தது, புதன்கிழமை சொல்லி வியாழன் இரவுதான் சரிசெய்து கொடுத்தார்கள், கல்யாணம் சனிக்கிழமை. உடை மாற்றும் அறையில் காற்றாடி இல்லை, கனமான கவுனைப் போட்டுப் பார்க்கும் பெண்ணுக்கு அது பெரிய வேதனை. டெப்பாசிட் மூன்று நாளில் என்றார்கள், ஒன்பது நாள் ஆனது, நான் மூன்று முறை புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்க வேண்டியிருந்தது. இதை அக்காவிடமே சொல்லிவிட்டேன், வருத்தப்பட்டார்.

இரவு சேலை கட்டிவிட வந்த தங்கச்சி நல்ல வேலைக்காரி. மண்டபத்து அறையில் கவுனைக் கழற்றிக் கூறைப்புடவை கட்டி வெளியே அனுப்ப 25 நிமிடம்தான். குத்திய ஊக்கை எண்ணி, "பதினேழுக்கா, கழட்டும்போது எண்ணிப் பாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நள்ளிரவில் நானும் சிநேகிதியும் எண்ணினோம், பதினாறு. கடைசி ஒன்று தோள் மடிப்புக்குள் இருந்தது. அப்படியே மடித்து வைத்திருந்தால் பட்டு கிழிந்திருக்கும்.

சனி ஞாயிறில் கூட்டம் அதிகம், வார நாளில் மத்தியானம் போங்கள். தோழிப்பெண்ணையும் கட்டாயம் கூட்டிப் போங்கள், பெண்ணும் அம்மாவும் மட்டும் போனால் அந்த ஒரு மணி நேரப் பாடம் கிடைக்காது.