போலீஸ் புகாரா, பாதுகாப்பு ஆணையா?

சிங்கப்பூரில், குடும்பத்துக்குள் நடந்த அடிக்குப் போலீஸ்; இனி விழக்கூடிய அடிக்கு, அடிப்பவரைத் தடுக்கும் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை. இது தெரியாமல்தான் "அவரை ஜெயிலுக்கு அனுப்ப மனசு வரல" என்று சொல்லி, அடிபட்டவர்கள் ஆணையையும் வேண்டாமென்கிறார்கள்.

புகார் குற்றவியல் வழக்காகலாம். நடத்துவது அரசுத் தரப்பு. பிறகு மனம் மாறினால் நிறுத்துவது உங்கள் கையில் இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் வேண்டும்.

ஆணையைக் குடும்ப நீதிமன்றத்தில் கேட்பது நீங்கள். வன்முறை நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம், பாதுகாப்பும் தேவை என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். ஆணை வந்ததால் மட்டும் குற்றப்பதிவு ஏறாது, மணமுறிவும் ஆகாது. மீறினால்தான் கைது. 2025 ஜனவரி 2 முதல் அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பு 2,000 வெள்ளி, 6 மாதம்தான். விண்ணப்பிக்கும் வயதும் 21-இலிருந்து 18 ஆனது.

இந்த ஆணையைத் தரும் சட்டத்துக்கு மாதர் சாசனம் என்ற பெயர் ஆளைக் குழப்பும். கணவர், மாமியார், வயதான அப்பா யாரும் கேட்கலாம். முஸ்லிம்களுக்கும் இதே நீதிமன்றம்தான்; மணவிலக்குக்குத்தான் ஷரியா நீதிமன்றம். மணமாகாத காதலர் அடித்தால் மட்டும் 2014-இன் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பலர் சறுக்குவது விண்ணப்பத்தில். "எப்பவும் அடிப்பார்" என்றால் நிற்காது. "தீபாவளிக்கு முந்தின இரவு, சமையலறையில், இடது கன்னத்தில் இரண்டு அறை" என்று வேண்டும். கடைசிச் சம்பவம் முதலில். பாலிகிளினிக்கில் கூச்சப்பட்டு "பாத்ரூமில் வழுக்கிட்டேன்" என்று சொல்லியிருந்தால் மருத்துவக் குறிப்பிலும் அதுதான் இருக்கும். எதிர்த்தரப்பு அதை விடாது.

விசாரணைவரை பொறுக்க முடியாத ஆபத்தென்றால் துரித ஆணை, 28 நாள் வரை. ஆனால் அது எதிராளியிடம் சேர்ப்பிக்கப்பட்ட பிறகே செல்லுபடியாகும். அதுவரை அதே வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, அதே கூடம். அன்றிரவு தங்க வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு ஆணை அவரை வீட்டைவிட்டு வெளியேற்றும் என்றும் நினைக்காதீர்கள். அதற்கு வீட்டிலிருந்து விலக்கும் ஆணையைத் தனியே கேட்க வேண்டும்.

கத்தி, கழுத்து நெரிப்பு என்றால் யோசிக்காமல் 999. ஆணையைப் பிறகு கேட்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது. வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண்ணான 1800-777-0000-இலும் 24 மணி நேரமும் ஆள் உண்டு. உயிருக்கு ஆபத்தென்று தெரிந்தால் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அவசரக் குழுவே வந்து 14 நாள் வரையிலான ஆணையை அங்கேயே பிறப்பிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் இந்த எண்களை அழைக்கலாம். பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்க மட்டும் அவரால் முடியாது.