பொம்பெயி: ஊருக்கு ஐந்து நட்சத்திரம், வழிகாட்டிக்கு இரண்டு

இருபத்திரண்டு வருடம் மெஸ் நடத்தியவள் நான். எந்த வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் அடுப்படிக்குத்தான் போகும். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் படிக்கும் மகனைப் பார்க்கப் போனபோது, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிவிட்ட பழைய ரோமானிய ஊரான பொம்பெயியை அடுத்தடுத்து இரண்டு நாள் பார்த்தேன். முதல் நாள் வழிகாட்டியோடு, மறுநாள் மகனோடு மட்டும்.

வழிகாட்டிக் குழுவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காதில் மாட்டக் கொடுத்த கருவி பாதி நேரம் கரகரத்தது. பணக்காரர் வீட்டுச் சுவரோவியம், விலைமகளிர் விடுதி, குளியல்கூடம் என்று இரண்டு மணி நேரம் ஓட்டமாக ஓடினோம். பேக்கரி வாசலில் நின்றது இரண்டே நிமிடம். "இங்கே ரொட்டி சுட்டார்கள்" என்றார், நகர்ந்துவிட்டார். ரொட்டி சுட்டது யார், மாவு அரைத்தது யார் என்று கேட்க வாயெடுப்பதற்குள் குடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் இருந்தார்.

அதனால் மறுநாள் நேராக பேக்கரிக்கே போனோம். முற்றத்தில் மாவு எந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. எரிமலைக் கல்லில் செய்தவை. அடியில் கூம்பு, மேலே உடுக்கை வடிவத்தில் ஒரு கல். உடுக்கையின் மேல்வாயில் கோதுமையைக் கொட்டி, இடுப்பில் மரக்கட்டையைச் செருகிச் சுற்ற வேண்டும். சுற்றியவை கழுதைகள், சில இடங்களில் அடிமைகள். செக்குமாடு மாதிரி ஒரே வட்டம், நாள் முழுக்க. 2023இல் இதே ஊரில் இன்னொரு பேக்கரியைத் தோண்டியிருக்கிறார்கள். வெளியே போகத் தனி வாசல் கிடையாது, சின்னச் சின்ன ஜன்னல்களுக்கும் இரும்புக் கம்பி. கழுதைகள் சரியான இடத்தில் காலை வைத்துச் சுற்றத் தரையில் பள்ளம் வெட்டியிருந்தார்களாம். ஆளையும் கழுதையையும் ஒன்றாகப் பூட்டி வைத்த இடம். அதைப் படித்துவிட்டு வந்து இந்தக் கல்லின் பக்கத்தில் நின்றால் ஓவியமெல்லாம் மறந்துபோகிறது.

அடுத்தது தீனிக்கடைகள். தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மாடி அறைகளில் இருந்த சாதாரண சனங்களுக்குச் சமையலறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கடைச் சாப்பாடுதான். தெருவைப் பார்த்தபடி கல் மேடை, அதில் வாய் மட்டும் தெரியும்படி பதித்த மண்சாடிகள். "அம்மா, இதுல சுடச்சுட குழம்பு வெச்சிருந்தாங்களாம்" என்றான் மகன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பதித்த மண்சாடியை எப்படிக் கழுவுவது? கவிழ்க்க முடியாது, அடியில் ஓட்டையும் இல்லை. ஆய்வாளர்களிலும் சிலர் இதையே சொல்லி, பருப்பு, தானியம் மாதிரி உலர்ந்த சரக்கு வைத்திருக்கலாம் என்கிறார்களாம். ஆனால் 2020இல் வெளிவந்த கடை ஒன்றின் சாடிகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை என்று சமைத்த உணவின் மிச்சமே கிடைத்திருக்கிறது. சரி, கழுவாமலேயே ஓட்டியிருப்பார்கள் போல.

ஸ்டெபானஸ் சலவைக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். வீட்டு முற்றத்தின் மழைநீர்த் தொட்டியையே சலவைத் தொட்டியாக மாற்றியிருக்கிறார்கள். பின்பக்கம் துணியைக் காலால் மிதித்துத் துவைக்கும் சின்னத் தொட்டிகள். அழுக்கெடுக்க உவர்மண்ணும் மனித மூத்திரமும்! அந்த மூத்திரத்துக்கே வெஸ்பாசியன் பேரரசர் வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, அந்த வரிக் காசையே அவன் மூக்கருகில் நீட்டி நாறுகிறதா என்று கேட்டதாகக் கதை. மீன் விற்ற காசு நாறுமா என்று நம் ஊரில் கேட்பதேதான்.

வெட்டி (Vettii) என்ற குடும்பப் பெயர் கொண்டவர்களின் வீடு பலரும் பார்ப்பது. இருபது வருடப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2023இல் திறந்திருக்கிறார்கள். அதன் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுதலையாகிப் பணம் சேர்த்தவர்கள் என்று கருதுகிறார்கள். ஒரு கூடத்துச் சுவரில் குட்டித் தேவதைகள் நகை செய்கின்றன, வாசனைத் தைலம் காய்ச்சுகின்றன, துணி வெளுக்கின்றன. வேலையெல்லாம் விளையாட்டாகத் தெரியும் அந்த ஓவியம். அங்கிருந்து ஓரமாகத் திரும்பிச் சமையலறையைப் பாருங்கள். இடுப்பளவு கல் மேடை, மேலே பாத்திரம், கீழே விறகு வைக்க வளைவுக் குழி. ஒரு ஆள் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாது. இத்தனை பெரிய வீட்டுக்கு இத்தனூண்டு அடுப்படி! பல வீடுகளில் கக்கூசும் அடுப்புக்குப் பக்கத்திலேயே. கட்டியவர் ஒரு நாளும் சமைத்திருக்க மாட்டார்.

போகிறவர்களுக்கு: டிக்கெட்டில் பெயர் இருக்கும், அடையாள அட்டை அவசியம். நிழல் மிகக் குறைவு, தெருக் கல்லில் வண்டித் தடம் ஆழமாக இருப்பதால் செருப்பு வேண்டாம், ஷூதான். மூலைக்கு மூலை இருக்கும் பழைய கல் நீரூற்றுகள் சிலவற்றில் இன்றும் தண்ணீர் வருகிறது. குடிக்கக் குனிந்தவர்கள் கை ஊன்றி ஊன்றி அந்தக் கல்லே குழிந்திருக்கிறது. நானும் அதில் கை வைத்துத்தான் பாட்டிலை நிரப்பினேன்.

அப்புறம், நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரியாகிப்போன ரொட்டிகள் அங்கே இருக்கின்றன, எட்டுத் துண்டாகக் கீறியபடியே. பக்கத்து ஊர் ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒன்றில் முத்திரை இருக்கிறது: குவின்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை கெலர். இரண்டு நாளாக நான் தேடியது இந்த மாதிரி ஒரு பெயரைத்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று தெரியாமல் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, புதன்கிழமை மறுபடியும் போனோம்.