சர்வீஸ் முடிந்து வந்த லேப்டாப்பில் பணம் கேட்கும் ‘க்ளீனர்’: ஸ்டார்ட்அப் பட்டியலைப் பார்க்காமல் பில் கட்டாதீர்கள்

லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறது என்று சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். மெஷினைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கணக்குப்பதிவு அலுவலகம் ஒன்றின் லேப்டாப் அது. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். ஆன் செய்து வேலையைத் தொடங்க ஐந்து நிமிடம் ஆகிறது என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். ‘ஜெனரல் சர்வீஸ், வைரஸ் ரிமூவல், டிரைவர் அப்டேட்’ என்று மூன்று வரி எழுதி 1,800 ரூபாய் பில் போட்டார்கள். அலுவலகத்துக்கு வந்த ஒரே வாரத்தில் மூன்று தொல்லைகள். ஆன் செய்ததும் ‘உங்கள் கணினியில் 2,000-க்கும் மேற்பட்ட பிழைகள்’ என்று சிவப்பாக ஒரு கட்டம் வந்து, சரிசெய்ய ஆண்டுச் சந்தா கேட்கிறது. பென் டிரைவைச் செருகினால் உள்ளே இருப்பதெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யுஎஸ்பி டோக்கன் வேலை செய்யவில்லை. கடைக்கு ஃபோன் போட்டால், ‘ஃபார்மேட் அடிக்கணும், இன்னொரு 800 ஆகும்’ என்று பதில்.

ஃபார்மேட் தேவையே இல்லை. மூன்று தொல்லைக்கும் காரணம், கணினி ஆன் ஆகும்போது தானாக ஓடும் நிரல்களின் பட்டியலில் இருந்தது. ஓட வேண்டியதைக் கடைக்காரர் நிறுத்தியிருக்கிறார், ஒழிக்க வேண்டியதை விட்டுவைத்திருக்கிறார், இல்லாத இரண்டைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பக்கம். விண்டோஸ் 11-இல் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’. பெயர், வெளியிட்டவர், நிலை, தாக்கம் என்று நான்கு பத்திகள்தான் முதலில் தெரியும். இந்த நான்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பத்தித் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘கமாண்ட் லைன்’ என்பதை டிக் செய்யுங்கள். எந்த ஃபைல், எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்ற உண்மை அங்கேதான் இருக்கிறது. பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 2003 ஆகஸ்டில் உலகம் முழுக்கப் பரவிய பிளாஸ்டர் வைரஸ், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், தானாக ஓட வேண்டியவற்றைக் குறித்துவைக்கும் ‘ரன்’ பகுதியில் தன்னை ‘விண்டோஸ் ஆட்டோ அப்டேட்’ என்ற பெயரில்தான் பதிந்துகொண்டது. பெயரை மட்டும் பார்த்தவர்கள் அதை விட்டுவைத்தார்கள்.

இந்த லேப்டாப்பிலும் அதே கதைதான். ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ என்று ஒரு வரி, வெளியிட்டவர் பத்தியில் ‘மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்’. பார்த்தால் கை வைக்கத் தோன்றாது. கமாண்ட் லைனைப் படித்தால் விஷயம் வெளிவரும்: டபிள்யூஸ்கிரிப்ட் என்ற விண்டோஸின் சொந்த நிரலைக் கூப்பிட்டு, பயனரின் ‘ஆப்டேட்டா’, அதற்குள் ‘ரோமிங்’ ஃபோல்டரில் கிடக்கும் ஒரு விபிஎஸ் ஃபைலை (கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்ட் ஃபைல்) ஓட்டச் சொல்கிறது. ஓட்டுகிற வண்டி மைக்ரோசாஃப்டுடையது, ஏற்றி வரும் சரக்கு வேறு யாருடையதோ. ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், கல்லூரி லேப் என்று பென் டிரைவ் வழியாகப் பரவும் ஷார்ட்கட் வைரஸ் இதுதான். உண்மை ஃபைல்களை மறைத்துவைத்து, அதே பெயரில் ஷார்ட்கட் போடும். நீங்கள் அதைத் திறந்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் ஃபைலும் திறக்கும். அதனால்தான் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை.

‘வைரஸ் ரிமூவல்’ என்று பில் போட்ட பிறகும் இது எப்படி உயிரோடு இருந்தது? எல்லோரும் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் எல்லாம் பச்சை டிக். ஆனால் ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’ உள்ளே ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ போய், பக்கத்தின் கடைசியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ திறந்தால், சி டிரைவ் முழுவதும் விலக்குப் பட்டியலில் இருந்தது. அதாவது, இந்த டிரைவில் எது இருந்தாலும் சோதிக்காதே என்று விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு யாரோ உத்தரவு போட்டிருக்கிறார்கள். காரணம், கடையில் எம்எஸ் ஆபீஸ் தொகுப்புக்கு லைசென்ஸ் வாங்காமல், வாங்கியதாகக் காட்டி ஏமாற்றும் ஆக்டிவேட்டர் என்ற கருவியைப் போட்டிருக்கிறார்கள். அது போன்ற கருவிகளை டிஃபெண்டர் பிடித்து அழித்துவிடும் என்பதால், டிஃபெண்டரின் கண்ணையே கட்டிவிட்டார்கள். கட்டிய கண்ணுக்கு ஷார்ட்கட் வைரஸும் தெரியவில்லை. கணக்கு அலுவலகத்தின் மெஷின், வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கிற மெஷின்! இதைக் கவனக்குறைவு என்று சொல்லி விட்டுவிட முடியாது. சர்வீஸிலிருந்து வந்த கணினியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். ஏதாவது இருந்தால் ஏன் என்று கேளுங்கள், தெளிவான பதில் வராவிட்டால் நீக்குங்கள்.

அடுத்து அந்தச் சிவப்புக் கட்டம். ரெஜிஸ்ட்ரியில் மிச்சமிருக்கும் பயனற்ற பதிவு, குக்கி, தற்காலிக ஃபைல் என்று எல்லாவற்றையும் ‘பிழை’ என்று எண்ணிக் காட்டி மிரட்டுவதுதான் இந்த க்ளீனர்களின் பிழைப்பு. அவற்றைத் துடைத்தால் வேகம் அதிகமாகிவிடாது. இது உள்ளூரில் மட்டும் நடக்கிற ஏமாற்று அல்ல. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் ‘பிசி ஹெல்த் செக்’ என்று ஒரு சோதனை நடத்தினார்கள். வாடிக்கையாளரிடம் நான்கு கேள்வி கேட்டு, ஸ்லோவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பது போன்ற ஒரே ஒரு கட்டத்தில் டிக் போட்டாலும் வைரஸ் அறிகுறி இருப்பதாக அந்த நிரல் காட்டியது. உண்மையில் அது எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2019 மார்ச்சில் அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் ட்ரேட் கமிஷன் போட்ட வழக்கில், ஆஃபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. மிரட்டிப் பணம் கேட்கும் க்ளீனர்களை 2018 மார்ச் 1 முதல் வேண்டாத மென்பொருள் என்று வகைப்படுத்தி நீக்குவோம் என்று மைக்ரோசாஃப்டும் அறிவித்தது.

இந்த க்ளீனரை ஸ்டார்ட்அப் பக்கத்தில் ‘டிஸேபிள்’ செய்தும் மறுநாள் திரும்ப வந்தது. பலர் சோர்ந்துபோய்ப் பணம் கட்டுவது இந்த இடத்தில்தான். டாஸ்க் மேனேஜர் காட்டுவது வாசல் கதவை மட்டும். கொல்லைப்புறக் கதவுகள் இரண்டு உண்டு. ஒன்று, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, இடதுபக்கம் ‘லைப்ரரி’யைச் சொடுக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் ‘ட்ரிக்கர்ஸ்’ பகுதி எப்போது ஓடும் என்பதையும், ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதி எதை ஓட்டும் என்பதையும் சொல்லும். லாக்-ஆன் செய்யும்போதெல்லாம் ஓடு என்று க்ளீனர் இங்கே எழுதிவைத்திருந்தது. ஆக்டிவேட்டரின் வரியும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டாவது கதவு சர்வீசஸ், அதாவது திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் நிரல்கள். ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று தேடித் திறந்து சர்வீசஸ் பக்கத்தில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ டிக் செய்தால் வெளியார் சர்வீஸ்கள் மட்டும் மிஞ்சும். அங்கே ‘டிஸேபிள் ஆல்’ பொத்தானை மட்டும் தொட்டுவிடாதீர்கள். வைஃபை, சவுண்ட், டோக்கன் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும்.

நீக்கும் வரிசை முக்கியம். முதலில் எக்ஸ்க்ளூஷனை எடுக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரின் ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் டபிள்யூஸ்கிரிப்ட்டை ‘எண்ட் டாஸ்க்’ செய்ய வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட்அப் வரியை அழித்தால், சில நொடிகளில் தானே மறுபடி எழுதிக்கொள்ளும். பிறகு விபிஎஸ் ஃபைலையும், பின்னால் சொல்லும் ஆட்டோரன்ஸ் கருவியில் ஸ்டார்ட்அப் வரியையும் அழிக்கலாம். க்ளீனருக்கு, ஷெட்யூலர் வரியை முதலில் நிறுத்தி, சர்வீஸை நிறுத்தி, அதன்பின் செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ போய் அன்இன்ஸ்டால். கடைசியாக ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறும் முன்பே சோதிக்கும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும். பாதித்த பென் டிரைவையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். அதில் ஃபைல்கள் அழிந்துபோயிருக்காது, மறைந்துதான் இருக்கும். கமாண்ட் ப்ராம்ப்டில் ஆட்ரிப் (attrib) கட்டளையால் ஹிட்டன், சிஸ்டம் இரண்டு குறிகளையும் எடுத்தால் அப்படியே திரும்பி வரும்.

ஒவ்வொரு முறையும் சோதிக்க ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள், ‘ஷட் டவுன்’ வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருந்தால் ஷட் டவுன் முழுதாக அணைப்பதில்லை. சிஸ்டத்தின் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்து அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் செய்த மாற்றத்தின் பலன் சரியாகத் தெரியாது.

இனி டோக்கன் விஷயம். வேகம் கூட்டுகிறோம் என்று கடைக்காரர் தெரியாத பெயர்களையெல்லாம் டிஸேபிள் செய்ததில் டோக்கனின் நிரலும் போய்விட்டது. அதை எனேபிள் செய்து ரீஸ்டார்ட் கொடுத்ததும் டோக்கன் வந்துவிட்டது. தெரியாத பெயரெல்லாம் தீங்கு அல்ல. டச்பேட், சவுண்ட் டிரைவர்களின் துணை நிரல்கள், விண்டோஸ் செக்யூரிட்டி ஐகான், டோக்கன் நிரல் இவற்றை விட்டுவிடுங்கள். என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற தமிழ்த் தட்டச்சு நிரல்களை நிறுத்திவிட்டு, ‘தமிழ் டைப் ஆகவில்லை, வைரஸோ’ என்று திண்டாடும் டிடிபி கடைகளும் உண்டு. ஜூம், ஸ்பாட்டிஃபை, ஸ்டீம், பிரின்டர் கம்பெனியின் விளம்பர உதவியாளர், டீம்ஸ் போன்றவற்றைத் தாராளமாக நிறுத்தலாம். தேவைப்படும்போது திறந்தால் வழக்கம்போல வேலை செய்யும். ஒன்டிரைவை நிறுத்துமுன் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் ஃபோல்டர்கள் அதில் பேக்கப் ஆகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஸேபிள் என்பது அழிப்பது அல்ல, தவறானால் அதே இடத்தில் எனேபிள் செய்துகொள்ளலாம்.

‘தாக்கம்’ பத்தியில் ‘ஹை’ என்று இருந்தால் வைரஸ் என்று பயப்படாதீர்கள். தொடக்கத்தில் 1 நொடிக்கு மேல் ப்ராசஸர் நேரமோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்தால் ‘ஹை’, அவ்வளவுதான். நல்ல ஆன்டிவைரஸும் ‘ஹை’ காட்டும். ஆபத்தான விபிஎஸ் ‘லோ’ காட்டும். சிலர் பட்டியலில் ஐகான் இல்லாமல் வெறுமனே ‘ப்ரோக்ராம்’ என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அது வைரஸ் அல்ல. அன்இன்ஸ்டால் செய்த ஏதோ ஒன்றின் பழைய முகவரி, மேற்கோள் குறி இல்லாமல் எழுதப்பட்டதால் ‘ப்ரோக்ராம் ஃபைல்ஸ்’ என்பதன் நடுவில் உள்ள இடைவெளியில் உடைந்து முதல் சொல் மட்டும் பெயராகத் தெரிகிறது. கமாண்ட் லைன் பத்தியில் முழு முகவரியும் கிடைக்கும்.

சர்வீஸ்களை ஓட்டும் விண்டோஸின் உண்மையான எஸ்விசிஹோஸ்ட் (svchost) ஓடுவது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32-இலிருந்து. 32 பிட் வகையானால் சிஸ்வாவ்64 (SysWOW64) ஃபோல்டரிலிருந்து. எக்ஸ்ப்ளோரர், விண்டோஸ் ஃபோல்டரிலேயே நேராக இருக்கும். இதே பெயர்கள் ஆப்டேட்டாவிலோ டெம்ப் ஃபோல்டரிலோ இருந்து ஓடினால் போலி. ‘ஓ’ எழுத்துக்குப் பதில் சைபர் போட்டோ, இரண்டு எழுத்தை இடம் மாற்றியோ பெயர் வைத்திருந்தாலும் அப்படியே. ஜூம், டிஸ்கார்ட் போன்ற நல்ல நிரல்களும் ஆப்டேட்டாவில் உட்காரும் என்பதால், அந்த ஃபோல்டரில் இருந்தாலே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. ரைட் கிளிக், ப்ராபர்டீஸ், ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ போய் யார் கையெழுத்து என்று பாருங்கள்.

எல்லாக் கதவையும் ஒரே இடத்தில் பார்க்க மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் சிஸ்இன்டர்னல்ஸ் ஆட்டோரன்ஸ் போதும். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டி, ‘ஆப்ஷன்ஸ்’ மெனுவில் கையெழுத்துச் சரிபார்ப்பையும், பல ஆன்டிவைரஸ்களின் முடிவை ஒரே இடத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தின் சோதனையையும் போடுங்கள். மஞ்சள் வரி என்றால் ஃபைல் இல்லாத பழைய முகவரி. இளஞ்சிவப்பு என்றால் கையெழுத்து உறுதியாகவில்லை, அதைத்தான் உட்கார்ந்து ஆராய வேண்டும். இதில் டிக்கை எடுத்தால் நிறுத்தம் மட்டும். டெலிட் கொடுத்தால் போனது போனதுதான், அதனால் முதலில் டிக்கை மட்டும் எடுங்கள்.

கடைசியாக, ரிமோட்டில் பார்த்துத் தருகிறோம் என்று எனிடெஸ்க், டீம்வியூவர் போடச் சொல்லி வேலை செய்தவர்கள் இருந்தால், அவை சர்வீசஸில் இன்னும் ஓடுகின்றனவா என்று இன்றே பாருங்கள். கருவி மேல் தவறில்லை. ஆனால் நிரந்தர பாஸ்வேர்டு போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தால் நீங்கள் தூங்கும்போதும் உள்ளே வரலாம். அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, வேறு கணினியிலிருந்து வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இப்படிப்பட்டவர்களிடம் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

அந்த லேப்டாப் இப்போது ஒன்றரை நிமிடத்தில் வேலைக்கு வருகிறது. அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ராமும்தான் வழி, எந்த க்ளீனரும் அல்ல. நீங்கள் அடுத்த முறை கடையில் கொடுக்கும் முன், ஸ்டார்ட்அப் பக்கத்தையும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே திறந்து வரி வரியாக ஒப்பிடுங்கள். புதிதாக ஒரு வரி இருந்தால், அது என்ன, எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கடைக்காரர் காட்டிய பிறகு பணத்தை எடுங்கள்.