லண்டனில் மலேசியச் செய்தி பார்க்க ஒரு சந்தா

ஈப்போவிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த நான், மலேசியத் தொலைக்காட்சிகளை இணையம் வழியாகக் காட்டும் ஒரு சேவையை 2019 முதல் பயன்படுத்தி வருகிறேன். மாதம் 12 பவுண்டு கட்டணத்துக்குப் படமும் ஒலியும் நன்றாகவே இருக்கின்றன. கோடையில் ஏழு மணி நேர வித்தியாசம் இருப்பதால், ஊரின் இரவுச் செய்தியை இங்கே மதிய உணவு வேளையில் பார்த்துவிடலாம்.

ஆனால் நான் பணம் கட்டுவது நாடகங்களுக்காக அல்ல. மலேசிய அரசுக்குச் சொந்தமான எஸ்.ஆர்.சி. நிறுவனத்தின் 42 மில்லியன் ரிங்கிட் தொடர்பான வழக்கில், முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் ஏழு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட 2020 ஜூலை 28 அன்று, விடியும் முன்பே எழுந்து அமர்ந்திருந்த எனக்கு நேரலை மூன்று முறை அறுந்துபோனது. உதவிப் பிரிவுக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு இரண்டு நாள் கழித்தே பதில் வந்தது.

அதைவிடப் பெரிய குறை, பழைய நிகழ்ச்சிகள் ஏழு நாள்களே சேமிப்பில் இருப்பது. நஜிப்புக்கு விதிக்கப்பட்ட 12 ஆண்டுச் சிறைத்தண்டனையை, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதிசெய்தபோது அம்மாவுடன் தொலைபேசியில் பேசி மனம் ஆறினேன். அது ஆறு ஆண்டாகக் குறைக்கப்பட்டதாக 2024 பிப்ரவரியில் அறிவிப்பு வந்த நாளிலோ, வாழ்நாளெல்லாம் வரி கட்டிய அப்பாவை நினைத்து நெஞ்சு கொதித்தது. அந்த இரண்டு நாள் செய்திகளையும் சேர்த்துவைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினேன், முடியவில்லை.

நேரலைச் செய்திக்காக வாங்குபவர்கள் மாதச் சந்தாவில் தொடங்குங்கள். ஆண்டுச் சந்தாவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.