செல்ஃப் மேக்கப் கிளாஸ், கிட்டும் சேர்த்து ரூ.6,500 என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

கேள்வி கேட்டதற்காக என்னை ஒரு மேக்கப் கிளாஸின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் இப்படிக் கிளாஸுக்குப் போகிறவர்களுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

கோவையில் ஒரு பிரைடல் ஸ்டூடியோ. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. கல்யாண மேக்கப்தான் அவர்கள் தொழில். கூடவே ஆபீஸ் போகிற பெண்களுக்கு ஒரு நாள் செல்ஃப் மேக்கப் கிளாஸும் நடத்துகிறார்கள். கட்டணம் ரூ.6,500. பிரைமர் (ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசுவது), இம்போர்ட்டட் ஃபவுண்டேஷன் (முகம் முழுக்கப் பூசும் நிறப்பூச்சு), காம்பேக்ட், ஸ்பாஞ்ச் எல்லாம் அடங்கிய கிட் அதிலேயே வந்துவிடும், ஃபவுண்டேஷன் அவரவர் நிறத்துக்குப் பார்த்துத் தருவோம் என்று விளம்பரம்.

நான் மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. கடைக்குப் போனால் எனக்கு ஷேடு காட்டுகிறவர்கள் எப்போதும் ரெண்டு படி வெளுப்பாகத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதனால்தான் அங்கே கிளாஸ் எடுக்கும் பயிற்சியாளர் பேசியது மனதில் நின்றது. என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பி, தோலுக்கு அடியில் தெரியும் சாயலைப் பார்த்தார். "உங்களுக்கு மஞ்சள் சாயல் இருக்குங்க்கா. யாரும் உங்களை வெள்ளையாக்க விடாதீங்க. நம்ம நிறத்துக்கு ஏத்ததத்தான் போடணும்" என்றார். இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அங்கேயே நின்று ரூ.6,500 ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு "வாட்ஸ்அப்ல அனுப்பிடறோம்க்கா" என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

கிளாஸ் லட்சணத்தைச் சொல்கிறேன். ஸ்கின் பிரெப் (மேக்கப்புக்குத் தோலைத் தயார் செய்வது) என்று சொல்லி முகத்தை ஸ்க்ரப் போட்டுத் தேய்த்து, ஐஸ் கட்டி வைத்து, உடனே பிரைமர், உடனே ஃபவுண்டேஷன். தேய்த்த தோல் எரிகிறது என்றால் "ஆக்டிவேட் ஆகுது" என்கிறார். மாய்ஸ்சரைசர் போட்டு அது உள்ளே இறங்க ஐந்து நிமிடம் விட வேண்டும் என்பதைக்கூடச் சொல்லவில்லை. சன்ஸ்கிரீன் வேண்டாமா என்று ஒரு பெண் கேட்டாள். ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் (வெயில் காப்பு) இருக்கிறது, தனியாக எதற்கு என்று பதில். பாட்டிலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் கிடைக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும். ஃபவுண்டேஷனை அந்தக் கனத்துக்கு யார் பூசுவார்கள்? காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

ரிங் லைட் முன்னால் உட்கார்ந்திருந்தவரை எல்லார் முகமும் பளிச்சென்றுதான் இருந்தது. அந்த வெளிச்சம் நேராக முகத்தில் அடிப்பதால் எந்தக் குறையும் கண்ணில் படாது. வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் நின்று பார்த்தால் திருநீறு பூசின மாதிரி இருக்கிறேன். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். இளஞ்சிவப்புச் சாயல் உள்ள வெளுத்த ஷேடை மஞ்சள் சாயல் தோலில் போட்டால் சாம்பல் பூத்துத்தான் தெரியும். என் சாயலைக் கண்டுபிடித்துச் சொன்னவரே அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்!

தொடர்ந்து போட்டதில் தாடையில் சிவந்து பொரிப்பொரியாக வந்துவிட்டது. போன் செய்தால் "மேம் கிளாஸ்ல இருக்காங்க அக்கா", அப்புறம் "மேம் ஷூட்ல இருக்காங்க", அப்புறம் "ஸ்கின் அட்ஜஸ்ட் ஆக டைம் எடுக்கும்க்கா, விடாம போடுங்க". பொரிந்த முகத்தில் விடாமல் போடச் சொல்கிறார்கள்! தோல் டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அந்தச் செலவு தனி.

குழுவில் மற்றவர்கள் கிட்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லார் பாட்டிலிலும் ஒரே ஷேடு எண். என்னைவிடக் கறுத்த பெண்ணுக்கும், நல்ல சிவப்பாக இருந்த பெண்ணுக்கும் அதே எண். மொத்தமாக வாங்கின சரக்கை எல்லார் தலையிலும் கட்டியிருக்கிறார்கள். அப்போ அந்த மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தது எதற்கு? இதைத்தான் குழுவில் கேட்டேன். தூக்கிவிட்டார்கள். பணத்தைக் கேட்டால் "ஓப்பன் பண்ண கிட்டுக்கு ரீஃபண்ட் இல்லை" என்று ஒரே வரி. வங்கியில், நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். ரூ.6,500 என் வீட்டில் ஒரு மாத மளிகை.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. இறக்குமதிச் சரக்கு என்றால் இங்கே பதிவு செய்த எண்ணும், இறக்குமதி செய்தவர் பெயர், முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. பேட்ச் எண்ணின் மேல் ஸ்டிக்கர். 2023-ல் மலப்புறம் பக்கம் லேபிள் சரியில்லாத வெளுப்பு க்ரீம் போட்டுச் சிலருக்கு சிறுநீரகமே கெட்டது. அதற்குப் பிறகு கேரளாவில் கடை கடையாகச் சோதனை நடந்தது. இங்கே இப்படிக் கிட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள்.

சரி, அவசரமாகச் சில விஷயம். ஷேடைக் கையில் பார்க்காதீர்கள், தாடையில் தடவி வெயில் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், காய்ந்தால் நிறம் மாறும். புதுசு எதையும் முகம் முழுக்கப் போடும் முன் காதுக்குப் பின்னால் ஒரு நாள் தடவி வையுங்கள். கிட் தருகிறோம் என்றால் பணம் கட்டும் முன் பாட்டிலையும் லேபிளையும் காட்டச் சொல்லுங்கள். பில் கையில் வராமல் பணம் போகக் கூடாது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலும் பேசலாம். நான் அங்கேதான் பதிந்திருக்கிறேன். நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. அந்த வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் கிட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பாட்டிலை நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் 1915-க்குக் கூப்பிடுங்கள்.